சிவப்பு வலை கட்டினால் மிளகாய் பிழைக்குமா?

மிளகாய்க்காரி: நான் செல்வி. சிங்கப்பூரில் எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் இரண்டு பாத்தி மிளகாய் வைத்திருக்கிறோம். இரண்டிலும் இலை சுருண்டுவிட்டது. போன மாதம் ஒரு பாத்திக்கு மேல் சிவப்பு வலை கட்டினேன். குழுவில் பாதிப் பேர், "நிறத்துக்குப் போய்க் காசு கொடுப்பாயா?" என்று சிரிக்கிறார்கள். வெளிச்சத்தை வடிகட்டிப் பூச்சியைக் குழப்புவது விளையாட்டில்லை. இஸ்ரேலின் வோல்கானி வேளாண் ஆராய்ச்சி மையத்தில் 1990களிலிருந்து நிற வலைகளை ஆராய்கிறார்கள். கறுப்பு வலையைவிட மஞ்சள், முத்து வெள்ளை வலைகளின் கீழ் வெள்ளை ஈயும் அசுவினியும் (செடிச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சிகள்) அவை பரப்பும் வைரஸ் நோயும் குறைந்தன.

ஈசூன் மாமா: நீங்கள் சொன்னது மஞ்சளும் முத்து வெள்ளையும். கட்டியிருப்பதோ சிவப்பு! அப்புறம், அவர்கள் ஊர் வெயில் வேறு. நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். வலை வெளிச்சத்தைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். புளோக் நிழலில் இருக்கும் பாத்திக்கு அதையும் பறிப்பதா?

மிளகாய்க்காரி: சிவப்பும் வெறும் ஊகம் இல்லை மாமா. ஜப்பானில் வெங்காயத் தாளைத் தாக்கும் இலைப்பேனுக்கு (thrips) சிவப்பு வலை பயன்படுகிறது. பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

பண்ணைப் பழனி: நான் முன்பு லிம் சூ காங்கில் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்த்தவன். அங்கே புறஊதாவைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரை போட்டோம். வெள்ளை ஈ, இலைப்பேன், அசுவினி மூன்றும் புறஊதா வெளிச்சத்தை வைத்துத்தான் திசை பார்க்கும். அது இல்லாவிட்டால் தடுமாறும். ஈ உண்மையிலேயே குறைந்தது. ஆனால் கத்திரிக்காய் வெளிறிப்போனது. ஊதா நிறம் ஏற அதே புறஊதா வேண்டும். சிவப்பு லெட்யூசும் பச்சையாக நின்றது. நிறம் பார்த்து வாங்குகிறவர்களிடம் இதை எப்படி விற்பது? தேனீயும் புறஊதாவை நம்பித்தான் பறக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

ஈசூன் மாமா: பார்த்தீர்களா! ஒரு பூச்சியை விரட்டப் போய்க் காயையே இழந்த கதை.

பண்ணைப் பழனி: இல்லை அண்ணே, நான் உங்கள் பக்கமும் இல்லை. கீரை போட்டிருந்தால் அந்தக் கூரையே போதும். பயிரைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். செல்வி அக்கா, உங்கள் பாத்தி பக்கத்தில் மரம் இருக்கா?

மிளகாய்க்காரி: ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கு. ஏன்?

பண்ணைப் பழனி: அதுவும் வடிகட்டிதான். இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பை (சிவப்பைத் தாண்டிய, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வெளிச்சம்) கீழே விடும். செடி "எனக்கு மேலே யாரோ நிற்கிறார்கள்" என்று எண்ணி மெலிந்து நீளும். உங்கள் மிளகாய் ஒல்லியாக வளர்ந்தால் வலையை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஈசூன் மாமா: வலை நாலு பக்கமும் மூடியிருக்கா?

மிளகாய்க்காரி: மேலே மட்டும்.

ஈசூன் மாமா: குடை பிடித்துக்கொண்டு கொசுவுக்குத் தப்பிக்கிற கணக்கு!

பண்ணைப் பழனி: அது நியாயமான கேள்வி. இன்னொன்று: இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கு? மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்தால் சிலந்திப்பேன் (mite). சிலந்திப்பேன் கண்ணுக்கே தெரியாது, காற்றில் வரும், வெள்ளை ஈயின் காலைப் பிடித்தும் வரும். நிறத்தைப் பார்த்து ஏமாறாது.

மிளகாய்க்காரி: இப்போதுதான் கீழே போய்ப் பார்த்தேன். வலை இல்லாத பாத்தியில் மேல்நோக்கி. வலை கட்டியதில் பெரும்பாலும் கீழ்நோக்கி.

ஈசூன் மாமா: ஆக, இலைப்பேன் போய் சிலந்திப்பேன் வந்திருக்கு. வலையை அவிழ்ப்பீர்களா?

மிளகாய்க்காரி: மாட்டேன். பக்கங்களையும் மூடப் போகிறேன். சிலந்திப்பேனுக்குக் கந்தகம் தெளிக்கலாமா பழனி?

பண்ணைப் பழனி: நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) சரி. காலையில் தெளியுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம், இலை கருகும்.