டேசியர் அடித்த ரோம வெள்ளி: கள்ளக்காசா, நகல்காசா?

தேய்ந்தகாசு:
இன்றைய ருமேனியாவில் வாழ்ந்த டேசியப் பழங்குடியினர் தினாரியஸ் என்ற ரோம வெள்ளி நாணயத்தைப் பார்த்து அடித்த வெள்ளிக்காசு ஒன்றின் படத்தை, நேற்று இங்கே ஒருவர் "கள்ளக்காசு" என்று குறித்துப் பகிர்ந்திருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறகு வைத்த தலைக்கவசத்துடன் ரோமா தேவியின் முகம் ஓரளவு சரியாக இருக்க, பின்புறத்தில் தேரிழுக்கும் குதிரைகளின் கால்கள் வெறும் குச்சிகளாகவும், அடியிலுள்ள இலத்தீன் எழுத்துகள் படிக்க முடியாத கீறல்களாகவும் மாறியிருக்கின்றன. ஏமாற்ற நினைப்பவர் இப்படியா அச்சு வெட்டுவார்?

உரைகல்:
நண்பரே, நீங்கள் மோசமாக வெட்டிய ஒரு காசை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். ருமேனியாவில் டேசியர் வாழ்ந்த டிலிஷ்காவில் 1961-இல் ஒரு பானைக்குள் கிடைத்த, காசு அடிக்கும் 14 அச்சுகள் ரோமக் காசுகளை எழுத்துப் பிசகாமல் எடுத்தவை. இதே மக்கள் முன்பு மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் காசைப் பார்த்து அடித்தபோது, குதிரையையும் அதன்மேல் இருப்பவரையும் தங்கள் பாணிக்கு மாற்றிக்கொண்டார்கள். தினாரியஸுக்கு மட்டும் இத்தனை துல்லியம் எதற்கு? வாங்குபவர் ரோமக் காசென்று நம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தேய்ந்தகாசு:
கள்ளக்காசு அடிப்பவருக்கு ஆதாயம் வெள்ளியைக் குறைப்பதில் இருக்கிறது. செம்பின்மேல் வெள்ளி போர்த்திய தினாரியஸ்கள் ரோமிலேயே புழங்கின. டேசிய நகல்களில் பலவோ நல்ல வெள்ளி. கி.மு. 67-இல் ரோமத் தளபதி பாம்பே கடற்கொள்ளையரை ஒடுக்கியபின், அவர்கள் வழியே வந்த அடிமைகளின் வரத்து நின்றது. அடிமை வணிகர்கள் டான்யூப் ஆற்றுப் பக்கம் திரும்பியதால்தான் அங்கே தினாரியஸ் குவிந்தது என்று நாணய ஆய்வாளர் மைக்கேல் கிராஃபோர்ட் 1977-இல் வாதிட்டார். அது சரியென்றால், அங்கே குவிந்த இந்த அழகான காசுகளில் பல, மனிதர்களை விற்று வந்தவை. அதை மறந்துவிட்டு இவற்றைப் பார்க்க என்னால் முடிவதில்லை. அப்படி வந்த காசின் முகத்துக்கு ஊரே பழகிவிட்டபின், சொந்த வெள்ளியையும் அதே முகத்தில் அடித்துக்கொள்வது எப்படி ஏமாற்றாகும்?

ஆற்றங்கரை:
இன்றைய புடாபெஸ்ட் பகுதியில் வாழ்ந்த எரவிஸ்கர் என்ற பழங்குடியினரையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களும் தினாரியஸைப் பார்த்தே அடித்தார்கள். ஆனால் சில காசுகளில் 'ராவிஸ்' என்று தங்கள் குலப்பெயரையே பொறித்தார்கள்.

உரைகல்:
எரவிஸ்கர் காசு கள்ளக்காசு அல்ல என்பதை முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி பற்றிய வாதத்துக்கும் மதிப்பளித்து, டிலிஷ்கா அச்சுகளை "நகல்" என்றே இனி எழுதுகிறேன். ஆனால் தன் பெயரைச் சொல்லும் காசையும் தன் பெயரை மறைக்கும் காசையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்க மட்டும் நான் உடன்படவில்லை.