பூங்காவுக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள், யார் வைப்பது?

கால்வாய்க்கரை:
சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் நாலு அடுக்குமாடி புளோக்குக்கு நடுவே, கால்வாயை ஒட்டி ஒரு புல்வெளி. அதைப் பூங்காவாக்கப் போகிறார்களாம். மின்தூக்கிப் பக்கத்தில் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறார்கள், ஸ்கேன் செய்தால் வரைபடம் திறக்கிறது, பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளி, பிடிக்காத இடத்தில் சிவப்பு, அஞ்சல் குறியீட்டைப் போட்டு அனுப்பினால் முடிந்தது, நம்மைக் கேட்டாகிவிட்டது. நேற்றுத் திறந்து பார்த்தேன். நாய் ஓட இடம் வேண்டும் என்று ஒரு மூலை முழுக்கப் பச்சை. தூங்குமூஞ்சி மரத்தடியில் தினமும் சாயங்காலம் ஐந்தாறு தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள், அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. ஒருவரிடம் கேட்டேன். "வரைபடமா? எந்த வரைபடம்?" என்கிறார். இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பா?

இரவுப்பணி அக்கா:
அண்ணே, பழைய முறை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? போன தடவை விளையாட்டுத் திடலை மாற்றியபோது செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூட்டம் போட்டார்கள். வந்தது பதினைந்து பேர், அதில் பத்துப் பேர் எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் இருப்பவர்கள், மைக் பிடித்தவர் சொன்னதே பேட்டையின் கருத்தாகிவிட்டது. நான் தாதி, வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. இந்தத் தடவை விடியற்காலை மூன்று மணிக்கு, இடைவேளையில் மைலோ குடித்துக்கொண்டே நாலு புள்ளி வைத்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக்குக்கு வரும் பாதையில் வெளிச்சம் போதவில்லை என்று இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சொல்ல முடிந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

மரக்கணக்கு:
குறை வரைபடத்தில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஹெல்சின்கி நகரம் 2013ல் புதிய நகரத் திட்டத்துக்கு இப்படித்தான் இணைய வரைபடத்தைத் திறந்துவிட்டது. ஆனால் புது வீடுகள் எங்கே வரலாம், எந்தப் பசுமையைத் தொடக் கூடாது என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றுக்கு இடம் எங்கே என்று குறிக்கிறவரே யோசித்தாக வேண்டும். நம்மிடம் கேட்டது பிடிக்குமா, பிடிக்காதா. சிவப்பு எங்கே விழும் என்று இப்போதே சொல்கிறேன்: மரத்தடியில். இலை கொட்டுது, விடியுமுன் குயில் கத்துது, கொசு வருது!

ஒன்று கவனித்தீர்களா? தேசியப் பூங்காக் கழகம் 2018லேயே ட்ரீஸ்.எஸ்ஜி வரைபடத்தைக் கொண்டுவந்துவிட்டது, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அதில் உண்டு, ஒவ்வொன்றும் என்ன வகை என்று தட்டிப் பார்க்கலாம். மரத்தை எண்ணியாயிற்று. அதன் அடியில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் யாரிடமும் இல்லாத தகவல். அதைக் கேட்காமல் லைக் போடச் சொன்னால் என்ன செய்வது?

பன்னிரண்டாம் மாடி:
எனக்கு வேறு கணக்கு உதைக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்கு ஒரே அஞ்சல் குறியீடு, நூறு குடும்பம் இருந்தாலும் வரைபடத்தில் ஒரே இடம். எனக்கு அந்தத் தூங்குமூஞ்சி, சன்னலுக்குக் கீழே விரித்துப் போட்ட பச்சைப் பாய். இரண்டாம் மாடிக்காரருக்கு அது பகலிலும் விளக்குப் போட வைக்கும் இருட்டு, காயாத துணி. இரண்டு பேர் சொல்வதும் உண்மை, தட்டையான வரைபடத்தில் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும்.

அப்புறம், மூத்தோரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தப் புல்வெளிக்குத் தினமும் தள்ளிக்கொண்டு போகிற பணிப்பெண்களை யாராவது கேட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை அங்கே பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் வெளிநாட்டு ஊழியர்கள் எந்த அஞ்சல் குறியீட்டைப் போடுவார்கள்?

இன்னொன்று. இங்கே சிங்கப்பூரிலேயே டோவர் காடு 33 ஹெக்டேர். வீடு கட்டப் போகிறார்கள் என்றதும் மக்கள் விலாவாரியாக எழுதினார்கள், இயற்கைச் சங்கம் அங்கே வாழும் உயிரினங்களைப் பட்டியல் போட்டு அறிக்கை கொடுத்தது, 2021ல் மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைப்பதாக அறிவித்தார்கள். அங்கே பேசியது எழுத்து. புள்ளி வாதாடாது.

இரவுப்பணி அக்கா:
அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், நல்லதுதான். புளோக்குக்கு முன்னால் ஒரு விளக்கு கேட்க நானும் ஆய்வறிக்கை எழுத வேண்டுமா? காட்டுக்கு ஒரு வழி, விளக்குக்கு ஒரு வழி இருக்கட்டுமே.

பன்னிரண்டாம் மாடி:
விளக்குக்குத்தான் 2015லிருந்து பேட்டைக் குறைகளைச் சொல்ல ஒன்சர்வீஸ் செயலி இருக்கிறதே. புகார் சொல்வது வேறு, திட்டம் போடுவது வேறு. நீங்கள் வைத்ததும் புகார்தான்.

இரவுப்பணி அக்கா:
இருக்கிற விளக்கு எரியவில்லை என்றால் புகார். விளக்கே இல்லாத இடத்தில் எங்கே வைக்கலாம் என்று சொன்னால் அது திட்டம் இல்லையா?

கால்வாய்க்கரை:
சண்டை போதும், நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 78 வயது. போனைக் கையில் கொடுத்து, "உனக்குப் பிடித்த இடத்தைத் தொடும்மா" என்றேன். கண்ணாடியைத் தேடி, வரைபடத்தில் எங்கள் புளோக்கைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலாலேயே நடந்து போய், கடைசியில் நடுக்கால்வாயில் வைத்தார். "தப்பும்மா, அது தண்ணி." "தண்ணிதான்டா. அங்கதான் காலையில கொக்கு நிக்கும். நான் பாலத்துல நின்னு பாப்பேன்." இத்தனை வருடம் கூட இருக்கிறேன், காலையில் எங்கே போகிறார் என்று கேட்டதில்லை.

மரக்கணக்கு:
அந்தப் புள்ளியை முதல் வேலையாகத் தூக்கிவிடுவார்கள் ஐயா, எல்லைக்கு வெளியே விழுந்த தவறான தரவு என்று. குறிப்பு எழுதினீர்களா? அம்மா கேட்பது கால்வாய்க்குள் எதையும் இல்லை, பாலத்தில் நிழலும் உட்கார ஒரு பலகையும். அது புள்ளியில் தெரியாது.

கால்வாய்க்கரை:
எழுதினேன். தமிழில். யார் படிக்கிறார்களோ பார்ப்போம்.

இரவுப்பணி அக்கா:
வரைபடம் திங்கட்கிழமை மூடுகிறது. சனிக்கிழமை எனக்கு விடுப்பு, சாயங்காலம் டேப்லெட்டோடு மரத்தடிக்கு வருகிறேன். தாத்தாக்கள் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், ஆடிக்கொண்டே சொல்லட்டும், நான் குறிக்கிறேன்.

பன்னிரண்டாம் மாடி:
செய்யுங்கள். ஆனாலும் நாய்த் திடல்தான் வரப்போகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பணிப்பெண்கள் பாதிப் பேருக்கு ஞாயிறுதான் ஓய்வு, ஊழியர்கள் வருவதும் ஞாயிறுதான். சனிக்கிழமை போய் யாரைக் கேட்பீர்கள்?

இரவுப்பணி அக்கா:
ஞாயிறு எனக்கு இரவு வேலை, பகலில் தூங்கினால்தான் உண்டு. டேப்லெட்டைக் கால்வாய்க்கரை அண்ணன் வீட்டில் கொடுத்து வைக்கிறேன், நீங்கள் கீழே இறங்கி வாருங்கள்.