பொருள்: தோலடியில் விடும் சேலைனுக்குத் தமிழ்ச் சொல்: ‘சுவறுநீர்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

தோலுக்கு அடியில் விடும் சேலைனைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்று போன கிழமை நான் கேட்ட சின்னக் கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக, கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் வெள்ளச்சி. நிறத்தால் வந்த பெயர் இல்லை, அவள் சாம்பல் வரிப் பூனை. 2011 சனவரியில் மட்டக்களப்பை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, கல்லடியில் எங்கள் வளவு மதிலில் ஒண்டிக்கிடந்த குட்டி. இப்போது கிழவி. போன வருடம் ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள், மூத்திரமும் அப்படியே, உடம்பு மட்டும் வற்றிக்கொண்டு போனது. இரத்தத்தைச் சோதித்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் கூடியிருந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும் வருத்தம். வயதான பூனைகளுக்குப் பரவலாக வருவது. மாறாது, ஆனால் கவனமாகப் பார்த்தால் நல்லபடியாக நாள் கழிக்கலாம்.

மிருக வைத்தியர் தந்த முக்கியமான வேலை இது: ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லிலீற்றர் ஹார்ட்மன் கரைசலை (பையில் வரும் ஒரு வகை உப்புக் கரைசல்), வீட்டிலேயே, தோலுக்கு அடியில் விட வேண்டும். வைத்தியர் எழுதித் தந்த துண்டில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத்தான் இருந்தது. நாங்கள் அதைச் ‘சேலைன் ஏத்துறது’ என்று விளங்கிக்கொண்டோம். சேலைன் என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் கையில் நாளம் தேடிக் குத்துவதும்தான். இந்த மெலிந்த காலில் நாளம் தேடுவதா என்று அம்மா பயந்துவிட்டார். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். இரண்டாம் நாள் இரவு வெள்ளச்சி சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருந்து, மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரியான சொல் ஒன்று அந்தத் துண்டில் இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் வீணாகப் போயிருக்காது.

பைக்குள் இருப்பது எது என்பதையும் ‘சேலைன்’ சொல்லாது. பாமசியில் ‘ஒரு சேலைன் பை’ என்று கேட்டேன், கையில் வந்தது குளுக்கோஸ் கரைசல். அது தோலுக்கடியில் விட ஏற்றதல்ல. நல்ல காலம், வீட்டுக்கு வந்து பையில் எழுதியிருந்ததை வாசித்தேன்.

சரி, நீங்கள் தந்த சொற்களுக்கு வருகிறேன்.

> தோற்கீழ்த் திரவமேற்றல்

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் ‘தோற்கீழ்’ என்று வாசித்துக் காட்டியதும் அம்மா, “யார் தோற்கிறது?” என்று கேட்டார். ஆகவே ‘தோலடி’ போதும், அது இலங்கையிலும் தமிழகத்திலும் விளங்கும். பெரிய சிக்கல் ‘ஏற்றல்’தான். ஏற்றுவது என்றதும் மனம் நாளத்துக்குப் போய்விடுகிறது. (தமிழக நண்பர்களுக்கு: நீங்கள் சிரை என்பதை நாங்கள் நாளம் என்போம். உங்கள் தமனி எங்களுக்கு நாடி.)

> தோலடிப் பாய்ச்சல்

இதைத் தந்த அக்கா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பத்தவர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தானே என்று எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பூனையோடு சேர்த்துச் சொன்னால் பாய்ச்சல் என்பது தாவுவதாகிவிடும். அதோடு பாய்ச்சுவதில் ஒரு வேகம் இருக்கிறது. இங்கே நடப்பது வேறு.

பையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தெடுத்து, மணிக்கட்டில் இரண்டு துளி விட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியில் கொழுவுவேன். புது ஊசி பூட்டி, குழாயில் இருக்கும் காற்றுப் போகக் கொஞ்சம் ஓடவிடுவேன். அம்மா மடியில் துவாய் விரித்து வெள்ளச்சியை அணைத்து வைத்திருப்பார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைப் பிடித்துத் தூக்கினால் சின்னக் கூடாரம் மாதிரி வரும், அதன் அடியில் ஊசி. (உடம்பில் நீர் வற்றியிருந்தால், கையை எடுத்த பிறகும் அந்தக் கூடாரம் உடனே இறங்காது.) சில நிமிடங்களில் பையில் 100 குறைந்துவிடும். பிடரிக்குக் கீழே தேசிக்காயை விடப் பெரிதாக ஒரு வீக்கம் நிற்கும். நேரம் போகப் போக அது ஒரு பக்கமாகச் சரிந்து முன்னங்காலுக்கு இறங்கும். முதல் நாள் கால் வீங்கிவிட்டது என்று பதறி வைத்தியருக்கு அழைப்பெடுத்தேன். அது நீர்தான், இறங்குவது இயல்பு என்றார். பின்னேரம் விட்டால் விடியத் தடவிப் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

விடியத் தடவிப் பார்ப்பது அம்மாவின் வேலை. ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது ஒன்றுதான்: “தண்ணி சுவறிற்று புள்ள.”

நான் தேடிய சொல் அதற்குள்ளேயே இருந்தது. ஊற்றிய தண்ணீரை மண் உள்வாங்குவதைச் சுவறுதல் என்போம். கல்லடி மணலில் மழை விட்ட கையோடு தண்ணீர் சுவறிவிடும். ஊசி நீரைக் கொண்டுபோய் வைப்பதோடு சரி, எடுத்துக்கொள்வது உடம்பு. ஏற்றல், பாய்ச்சல், செலுத்தல் எல்லாம் நம் கை செய்வதைச் சொல்கின்றன. சுவறுதல்தான் உடம்பு செய்வதைச் சொல்கிறது. பயந்துபோயிருக்கும் ஒருவருக்குத் தெரியவேண்டியதும் அதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: கரைசலுக்குச் ‘சுவறுநீர்’, முழுப்பெயர் ‘தோலடிச் சுவறுநீர்’. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. செயலுக்குச் ‘சுவறுநீர் விடுதல்’. வீக்கத்துக்குச் ‘சுவறுமேடு’. பிறவினையாகச் ‘சுவற்றல்’ என்றே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். விதிப்படி சரி. ஆனால் ‘சுவரில்’ என்பதைச் ‘சுவற்றில்’ என்று எழுதுவோர் மிகுந்த காலத்தில் அது குழப்பும்.

‘சுவறு’ சென்னையில் யாருக்கும் விளங்காது என்ற மறுப்புக்கு: அகராதியில் இருக்கிற சொல்தான். உங்கள் பக்கம் ‘தண்ணி இஞ்சிடுச்சு’ என்பது இதற்கு உறவு. ‘இஞ்சுநீர்’ என்று வைத்தால் இஞ்சித் தண்ணீராக வாசிப்பார்கள் என்றுதான் அதை எடுக்கவில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கிழக்கின் சொல் ஒன்றை அங்கே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குழுவிலுள்ள மருத்துவர் ஒருவர், முதியவர்களுக்கும் கடைசிக் காலப் பராமரிப்பிலும் இதே முறை உண்டு, அதற்கு ஹைப்போடெர்மோகிளைசிஸ் என்று பெயர் என்று நினைவூட்டினார். அந்தக் கிரேக்கச் சொல்லின் கடைசிப் பகுதி கழுவுதலைக் குறிப்பது என்பதற்காகத் ‘தோலடிக் கழுவல்’ என்று வைக்க வேண்டாம். அங்கே யாரும் எதையும் கழுவுவதில்லை. சுவறுநீர் மனிதருக்கும் பொருந்தும்.

என்னைத் தூங்கவிடாத மறுப்பு ஒன்றுதான்: “நீர் என்றால் யாராவது வெறும் தண்ணீரை விட்டுவிட மாட்டார்களா?” நியாயமான பயம். வெறும் தண்ணீரைத் தோலுக்கடியில் விடுவது ஆபத்து. ஹார்ட்மன் கரைசலில் இரத்தத்தோடு ஒத்த அளவில் சோடியம், பொற்றாசியம், கல்சியம், குளோரைட்டு உண்டு. ரிங்கர் என்பவரின் பழைய உப்புக் கரைசலில் இலக்டேற்று என்ற உப்பைச் சேர்த்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் ஆக்கியது அது. கண்ணீர், உமிழ்நீர், இளநீர் எதுவும் வெறும் தண்ணீர் இல்லை என்று வாதாடலாம். ஆனால் அவசரத்தில் இருப்பவர் சொல்லாராய்ச்சி செய்ய மாட்டார். ஆகவே ‘நீர்’ இருக்கட்டும், முதல் வரியிலேயே எச்சரிக்கையும் இருக்கட்டும் என்பது என் முடிவு. இங்குள்ள வைத்தியருக்காக நான் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு இப்படித் தொடங்குகிறது:

“தோலடிச் சுவறுநீர் என்பது வைத்தியர் எழுதித் தந்த, மூடிய பையில் வரும் கரைசல் மட்டுமே. தண்ணீரோ வேறு பையோ அல்ல. அளவை வைத்தியர் சொல்வார். ஒவ்வொரு முறையும் புது ஊசி. முன்பு விட்டதன் சுவறுமேடு இன்னும் இருந்தால் மேலும் விட வேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள். பூனை வேகமாக மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள்.”

திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘சுவறுமேடு’ மட்டும் எனக்கு இன்னும் முழுதாக வாய்க்கு வரவில்லை, மேடு என்றால் கட்டியாக இருக்கும் என்று நினைப்பார்களோ என்று யோசிக்கிறேன். தொட்டால் மெத்தென்று குலுங்கும் அது. அதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து