அரசுப் பள்ளி மகளின் மருத்துவக் கனவு: வழி கூறுங்கள்

கேள்வி:
அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மருத்துவராக விரும்புகிறாள். தையல் வருமானத்தில் அவளை எவ்வாறு படிக்க வைப்பேன் என்று கலங்குகிறேன்.

பதில் 1:
அம்மா, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், நீட் தேர்வில் தகுதி பெற்றபின், தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அவர் விண்ணப்பிக்கலாம். அதில் இடம் பெறுவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. படிப்புச் சான்றுகளை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு.

பதில் 2:
மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் துணை மிகுதியாகத் தேவைப்படும். தமிழ்வழியில் படித்த என் மகன், உடற்கூறியலை ஆங்கிலத்தில் படிக்க இயலாமல் முதல் தேர்வில் தோற்று, வீட்டுக்கே வந்துவிடுவதாக அழுதான். அன்றிலிருந்து மதிப்பெண்ணைக் கேட்காமல், சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று மட்டுமே கேட்டோம். இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறான்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நாளையே பள்ளிக்குச் செல்கிறேன்.