டிகாக்சினும் மஞ்சளாகத் தெரிந்த சுவரும்

பதிவு 1

அப்பாவின் பலவீனமான இதயத்துக்காக, மற்ற மாத்திரைகளோடு டிகாக்சின் 0.25 மில்லிகிராமும் தினமும் கொடுத்துவந்தோம். பத்து நாள்களாகக் குமட்டுகிறது, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதுமையின் சோர்வு என்றே எண்ணிவிட்டேன். ஒரு நாள் காலையில் எதிரிலிருந்த வெள்ளைச் சுவரைக் காட்டி, "இதற்கு யார் மஞ்சள் அடித்தது?" என்று கேட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 44. சிறுநீரகம் மந்தமாகி, வெளியேற வேண்டிய மருந்து உடலிலேயே தேங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. குமட்டல் தொடங்கிய அன்றே நாடியைப் பார்க்காமல் போனேனே என்ற வருத்தம் இன்னும் என்னை விடவில்லை.

பதிவு 2

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. டிகாக்சினும் நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துவந்த அம்மாவின் இருமலுக்கு இரண்டு வாரம் அதிமதுரக் கஷாயம் கொடுத்தேன். கால் வீங்கி, நாடி தாறுமாறாகி மருத்துவமனையில் சேர்த்தபோது, "வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் "ஒன்றும் இல்லை" என்றேன். கஷாயத்தை மருந்தாகவே நான் நினைக்கவில்லை. அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிகாக்சினே நஞ்சாகலாம். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்ததால் அம்மாவுக்கு அதுதான் நேர்ந்தது.

பதிவு 3

இரண்டையும் படிப்பவர்கள் அஞ்சி மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் அண்ணன் ஒன்பது ஆண்டுகளாக டிகாக்சின் எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறார். டிகாக்சின் வகை மருந்துகளுக்கு மூலமான டிஜிடாலிஸ் செடியின் இலையைப் பற்றி 1785இல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், அளவு மீறினால் வாந்தி வரும், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும், நாடி 35 வரை இறங்கும் என்று அப்போதே குறித்துவைத்தார். ஆகவே முதலில் எழுதியவர் கண்டது புதிரான ஒன்றல்ல; மருந்து கொடுத்தவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை. 6,800 பேரிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், டிகாக்சின் ஆயுளை நீட்டவில்லை; ஆனால் இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது. இரண்டாவதாக எழுதியவரிடம் ஒன்று: பிழை கஷாயத்தில் மட்டும் இல்லை. நீர் பிரியும் மாத்திரையும் டிகாக்சினும் சேரும்போது பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அவ்வப்போது பரிசோதித்தே ஆக வேண்டும்.

பதிவு 1 எழுதியவர்

அப்பாவுக்கு இப்போது 0.125 தான், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாத்திரைக்கு முன் நாடியை முழு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுகிறேன். இன்று காலை 68.