சர்வதேச குற்றவியல் நீதியை இளங்கலையிலேயே எடுத்துப் படிக்கலாமா?

தாமிரா (கேள்வி):
பிளஸ் டூ முடித்திருக்கிறேன். போர்க்குற்றம், இனப்படுகொலை வழக்குகளில் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள். நியூயார்க் ஜான் ஜே கல்லூரியில் 'சர்வதேச குற்றவியல் நீதி' என்றே தனி பி.ஏ. இருக்கிறது. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகம் ஹேக் நகரில் நடத்தும் கல்லூரியில் 'சர்வதேச நீதி' முதன்மைப் பாடம். வீட்டிலோ, இங்கேயே ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. படி என்கிறார்கள். அந்த டிகிரிகளை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியுமா? உள்ளே என்ன படிக்க வேண்டியிருக்கும்? எதில் சறுக்குவார்கள்?

கருப்புக்கோட்டு:
முதல் கேள்விக்கு நேரடி பதில்: முடியாது. நீங்கள் சொன்ன இரண்டும் சட்ட டிகிரி அல்ல. குற்றவியல், அரசியல், சமூக அறிவியல், கொஞ்சம் சட்டம் எல்லாம் கலந்த படிப்புகள் அவை. சேர்ந்த பிறகு பலர் தடுமாறுவதே இந்த இடத்தில்தான். பெயரில் 'நீதி' இருப்பதைப் பார்த்துவிட்டு, முடித்ததும் கோர்ட்டில் நிற்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. முடித்தால் 5 வருஷத்தில் பார் கவுன்சிலில் பதிவு செய்யலாம். லைடனில் 3 வருஷம், பிறகு இந்தியாவில் மூன்றாண்டு எல்.எல்.பி. என்றால் மொத்தம் 6. ஜான் ஜேயில் 120 கிரெடிட், அதாவது வழக்கமாக 4 வருஷம், அதன்மேல் அமெரிக்காவில் ஜே.டி. (அங்கே வக்கீலாவதற்கான மூன்றாண்டு சட்டப் பட்டம்) படித்தால் 7. வெளிநாட்டு டிகிரியோடு இங்கே எல்.எல்.பி. சேர, அது இந்திய டிகிரிக்குச் சமம் என்ற சான்று தேவைப்படும். அதைக் கடைசி நேரத்துக்கு விட்டுவைத்தால் அட்மிஷன் தேதி போய்விடும். மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் இரண்டையும் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கதவு கொஞ்சம் அகலம். 2021 முதல் எந்தப் பாடத்தில் டிகிரி வைத்திருந்தாலும், எஸ்.கியூ.ஈ. என்ற இரண்டு கட்டத் தேர்வை எழுதி, இரண்டு ஆண்டு தகுதியான பணி அனுபவமும் காட்டினால் சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வக்கீல்) ஆகலாம்.

வழக்காடுவதுதான் ஆசை என்றால் வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் பட்டியலில் சேரவே 10 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உள்ளூர் செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த அனுபவத்துக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. புலனாய்வு, ஆவண ஆய்வு, சாட்சிப் பாதுகாப்பு, மனித உரிமை ஆராய்ச்சி என்றால் நீங்கள் சொன்ன பி.ஏ. பொருத்தமே.

ஷரத்து_ஏழு:
பாடம் என்ன என்று கேட்டீர்கள். அடித்தளம் ரோம் சாசனம், அதாவது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தம். 1998 ஜூலை 17-இல் ஏற்கப்பட்டு, 2002 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 128 ஷரத்துகள், ஆனால் பட்டப்படிப்பு முழுக்க உங்களோடு வரப்போவது ஒரு டஜன்தான்: குற்றங்களுக்கு 5 முதல் 8 வரை (ஆக்கிரமிப்புக்கு 8-ஐத் தொடர்ந்து பின்னால் சேர்த்த ஷரத்து), அதிகார வரம்புக்கு 12, 13, உள்நாட்டு நீதிமன்றம் தானே விசாரித்தால் இந்த நீதிமன்றம் விலகி நிற்கும் விதிக்கு 17, தனிநபர் பொறுப்புக்கு 25, தளபதியின் பொறுப்புக்கு 28, மனநிலைக்கு (தெரிந்தும் வேண்டுமென்றும் செய்தாரா என்பதற்கு) 30.

முதல் வருஷத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தப்பு: இறந்தவர் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அது இனப்படுகொலை என்று எழுதிவிடுவது. எண்ணிக்கை இலக்கணம் அல்ல. தேசிய, இன, நிற, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. அரசியல் குழு அந்த நான்கில் இல்லை. ருவாண்டாவின் டாபா கம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) தலைவர் அக்கயேசு மீது, ருவாண்டாவுக்கென ஐ.நா. அமைத்த தனித் தீர்ப்பாயம் வழங்கிய 1998 செப்டம்பர் 2 தீர்ப்பை எடுத்து, நோக்கத்தை நீதிபதிகள் எதிலிருந்து ஊகித்தார்கள் என்று பத்தி பத்தியாகக் குறித்துப் பாருங்கள். ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக்காக வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு அது. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று நிறுவியதும் அதுதான். அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் டர்பனில் பிறந்த, தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை.

அடுத்த தப்பு ஷரத்து 7-இல் நடக்கும். முதல் உட்பிரிவில் 'பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல்' என்று இருக்கும். 'அல்லது' என்பதைப் பார்த்துவிட்டு, ஒன்று இருந்தால் போதும் என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கீழே 7(2)(அ)-வைப் படித்தால்தான், அரசு அல்லது அமைப்பு ஒன்றின் கொள்கையை ஒட்டி நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தெரியும். அது இல்லாமல் எழுதிய விடை பாதி விடைதான். எப்போதும் சாசனத்தையும், ஒவ்வொரு குற்றத்துக்கும் எதெதை நிரூபிக்க வேண்டும் என்று பட்டியலிடும் 'குற்றக்கூறுகள்' ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள். இரண்டும் நீதிமன்றத் தளத்தில் இலவசம்.

விடை எழுதும் வரிசை: அதிகார வரம்பு, குற்றத்தின் சூழல், நடந்த செயல், மனநிலை, குற்றவாளியோடு பிணைக்கும் பொறுப்பு வகை. நிறையப் பேர் நாலாவதோடு முடித்துவிடுகிறார்கள். வழக்கு உடைவது பெரும்பாலும் ஐந்தாவதில். 2016-இல் காங்கோவின் முன்னாள் துணை அதிபரும் படைத்தலைவருமான பெம்பாவுக்கு சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் 18 ஆண்டு தண்டனை விதித்தார்கள். 2018 ஜூன் 8-இல் மேல்முறையீட்டில் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் விடுதலை. படைகள் செய்ததைத் தடுக்கத் தளபதி 'தேவையான, நியாயமான' நடவடிக்கை எடுத்தாரா என்ற இடத்தில் கீழமர்வின் தீர்ப்பு நிற்கவில்லை. மாறுபட்ட இரு நீதிபதிகளின் கருத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று: ஹேக்கில் இரண்டு நீதிமன்றங்கள் உண்டு. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கிடையேயான வழக்கை விசாரிப்பது, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிப்பது. செய்தித்தாள்களே இதைக் குழப்புகின்றன. கட்டுரையில் நீங்கள் குழப்பக் கூடாது.

தரவுச்சுரங்கம்:
சட்டப் பக்கத்தை மேலே சொல்லிவிட்டார்கள். பி.ஏ. எடுத்தால் உங்களுக்குச் சோறு போடப்போவது புள்ளியியலும் ஆதாரச் சரிபார்ப்பும். இந்தத் துறைக்கு வருபவர்கள் கணக்கைப் பார்த்து ஒதுங்குவார்கள், தயவுசெய்து ஒதுங்காதீர்கள்.

2017 ஆகஸ்ட் 15-இல் லிபியப் படைத்தளபதி அல்-வெர்ஃபாலிக்கு எதிராக சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை பெரும்பாலும் சமூக ஊடகக் காணொளிகளை வைத்து வந்தது. 2020-இல், இணையத்தில் கிடைக்கும் ஆதாரங்களைத் திரட்டிச் சரிபார்ப்பதற்கான வழிகாட்டியான பெர்க்லி நெறிமுறை வந்தது. வீடியோ ஒன்று கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதை வைத்துப் பழகலாம். முதலில் மூலக் கோப்பை அப்படியே சேமித்து, அதன் ஹாஷ் எண்ணைக் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) குறித்துக்கொள்ளுங்கள். யூ.ஆர்.எல்., எடுத்த தேதி, நேரம் எழுதுங்கள். பிறகு நகல் ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். மலை வரிசை, மசூதிக் கோபுரம், மின்கம்பம் என்று அசையாதவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தையும், நிழலின் திசையை வைத்து ஏறக்குறைய நேரத்தையும் கணியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைச் சேமித்துவிட்டு 'மூலம்' என்று போடுவதுதான் வழக்கமான கோளாறு. அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டு, உள்ளே இருந்த தகவல்கள் பெரும்பாலும் போய்விடும்.

வேலை விஷயம்: இனப்படுகொலை, போர்க்குற்ற வேலைகள் கொஞ்சம்தான். அதே பட்டத்தில் ஆள்கடத்தல், போதைப்பொருள், பணமோசடி போன்ற எல்லை தாண்டிய குற்றங்களும் வரும். அவற்றுக்கு அடிப்படை 2000-ஆம் ஆண்டின் பலெர்மோ ஒப்பந்தம், அதாவது எல்லை தாண்டிய திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம். வங்கிகளின் பணமோசடித் தடுப்புப் பிரிவு வரை அங்கே வாய்ப்பு அதிகம். விருப்பப் பாடங்களில் இரண்டையாவது அந்தப் பக்கம் எடுத்து வையுங்கள்.

தாமிரா:
ரொம்ப நன்றி. லைடன் ஹேக்கிலேயே இருக்கிறதே, படிக்கும்போதே நீதிமன்றத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? மொழி எது படிக்கலாம்?

ஷரத்து_ஏழு:
பக்கத்தில் இருப்பதால் விசாரணையைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அது நிஜமான லாபம். இன்டர்ன்ஷிப் வேறு. டிகிரி முடித்தவர்களையோ கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களையோதான் எடுப்பார்கள், பெரும்பாலான இடங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஹேக் வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்தியா ரோம் சாசனத்தில் சேராத நாடு, முன்னுரிமை உறுப்பு நாட்டினருக்கே. நிரந்தரப் பதவியில் பி-2 என்ற தொடக்கநிலை அதிகாரி பதவிக்கு முதுகலையோடு 2 ஆண்டு அனுபவம், இளங்கலை மட்டும் என்றால் 4 ஆண்டு.

மொழிக்கு பிரெஞ்சு. நீதிமன்றத்தின் இரண்டு பணிமொழிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தது அது. காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி, ஐவரி கோஸ்ட் வழக்குகளின் ஆவணங்கள் நிறைய அதில்தான் கிடக்கின்றன. கல்லூரி திறக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஏ1 என்ற தொடக்க நிலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.