எட்டு வருடம் தள்ளிப்போன ஹார்ட் டிஸ்க்

சுங்கை சிப்புட்டிலிருந்து

"அடுத்த போனஸ் வரட்டும், மாற்றிவிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பல தீபாவளிகளைக் கடந்த மேசைக் கணினி உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? என் வீட்டில் அது எட்டு வருடம் நடந்தது. முழுக்க எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார், பிறகு செம்பனைக்கு மாறினார். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் பக்கத்தில் மலிவு விலை வீட்டுக்கு வந்த 2012ஆம் ஆண்டில்தான் அந்தக் கணினியை 1,600 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். ஐ5-2400 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு அது நல்ல செட். பகலில் மில்லில் வேலை. இரவில் கோவில் திருவிழா நோட்டீஸ், கல்யாண அட்டை, தமிழ்ப்பள்ளிக்குப் பயிற்சித் தாள், பதினாறாம் நாள் நினைவஞ்சலி அட்டை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில்தான் தட்டுவேன். சுற்றியுள்ள மூன்று தோட்டத்து ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள்.

விண்டோஸ் 10 போட்ட பிறகு, 2016 வாக்கில், இழுக்க ஆரம்பித்தது. பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து திருநீறு பூசி, தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) கலக்கிக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் புள்ளிகள் இன்னும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கடையில் காட்டினேன். "இது பழசு, செட்டையே மாத்தணும், 1,800 வெள்ளி" என்றார்கள். அந்த வருடம் ஜூலையில்தான் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி ஆனது. என் சம்பளம் அதற்குக் கொஞ்சம் மேலே. சரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் தங்கையின் படிப்புச் செலவு. அதற்கடுத்து அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தபடியே பாடம். வீட்டில் இருந்த பெரிய திரை அது ஒன்றுதான். ஆசிரியர் வருகை எடுத்து முடித்த பிறகுதான் இவர்களுக்குத் திறக்கும். சின்னவள் அழுவாள். எனக்கும் அழுகைதான் வரும்.

ஆனால் இந்த எட்டு வருடத்தில் மனத்தை விட்டுப் போகாதது ஓர் இரவு. அப்பாவோடு மரம் வெட்டிய ஒருவர் தவறிப்போனார். பதினாறாம் நாளுக்கு அட்டை அடிக்க அவர் மனைவி, நாங்கள் சின்னம்மா என்று கூப்பிடுவோம், படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வேலை முடிந்த அலுப்போடு வந்தார். படத்தை ஏற்றினேன். கணினி அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கணவர் முகம் திரையில் வரும் வரும் என்று பார்த்தபடியே தூங்கிவிட்டார். விடியற்காலை பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர். எழுப்பவும் மனம் வரவில்லை. என் வேலை தள்ளிப்போனால் பரவாயில்லை. அந்த அம்மா எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

2024இல் பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் வந்தான். "மாமா, எங்க மாட்டுதுன்னு முதல்ல பாப்போம்" என்று, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பிராசசர் பத்து விழுக்காடுகூட வேலை செய்யவில்லை. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழல வேண்டும், அதன் மேல் ஊசி போல ஒன்று இடம் மாறி மாறிப் படிக்க வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளைக் கேட்கும், அந்த ஊசி அங்கும் இங்கும் ஓடியே நேரம் போகும். எஸ்எஸ்டி என்ற சிப்பு வகை டிஸ்கில் சுழல்வது எதுவும் கிடையாது. முக்கியமாக மாற்ற வேண்டியது அந்த ஹார்ட் டிஸ்க்தான்.

480 ஜிபி எஸ்எஸ்டி புதிதாக ஒன்று, டிடிஆர்3 வகை 4 ஜிபி ரேம் பழையது இரண்டு வாங்கினோம். என் மதர்போர்டு, எல்லாப் பாகமும் மாட்டும் பலகை, எச்61 வகை, ரேம் துளை இரண்டுதான், அதனால் முன்பிருந்த 2 ஜிபி இரண்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தப் போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பின் வேகமும் பழைய 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று முன்பே சொன்னான். வந்த வேகமே போதும். மணிக்காட்டி அடிக்கடி பழைய தேதிக்குப் போய், இணையப் பக்கங்கள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று காட்டிக்கொண்டிருந்ததற்கும் காரணம், தேதியைக் காத்து வைக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்ததுதான். எல்லாம் சேர்த்து 250 வெள்ளிகூட ஆகவில்லை. பழைய டிஸ்கை வீசவில்லை, பன்னிரண்டு வருடத்து அட்டைகளும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. இரண்டாவது டிஸ்காக உள்ளேயே விட்டிருக்கிறோம்.

போன வருடம் சின்னம்மா திவச நோட்டீஸுக்கு வந்தார். வீட்டில் தேத்தண்ணி கொதிப்பதற்குள் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்துவிட்டது. "முடிஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக எட்டு வருடம் முன்பே 250 வெள்ளி செலவழித்திருப்பேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பீடோரிலிருந்து

அண்ணே, படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் கதை இடியால் வந்தது. எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் சாமான் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். அன்றைக்கும் பிடுங்கினோம். ஆனால் தொலைபேசிக் கம்பியைக் கழற்றவில்லை. மின்னல் அந்தக் கம்பி வழியாக மோடத்துக்கு வந்து, அங்கிருந்து நெட்வொர்க் வயர் வழியாக மதர்போர்டுக்குப் போய்விட்டது. எங்கள் பிராசசர் பொருந்தும் அதே சாக்கெட் உள்ள போர்டு பழைய வகை, எங்கும் புதிதாகக் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் வரைக்கும் போய்த் தேடிப் பார்த்தோம். கடைசியில் ஐந்து மாதம் கழித்துப் பழைய போர்டு ஒன்று கிடைத்தது. அதுவரை என் கணவர் லாரிக் கணக்கை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பவர் பிளக்கோடு போன் வயரையும் கழற்றுங்கள் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

கோலா சிலாங்கூரிலிருந்து

நான் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கர். நீங்கள் எட்டு வருடம் என்கிறீர்கள், நாங்கள் 4 எம்பி ரேமுக்காகக் காத்திருந்தோம் தம்பி! ஜிபி இல்லை, எம்பி. ஆபீசில் ஒரு 486 கணினி, அதில்தான் செக்ரோல், அதாவது ஆட்களின் சம்பளப் பதிவேடு. விண்டோஸ் 95க்குக் குறைந்தது 4 எம்பி வேண்டும், ஆனால் 8 இருந்தால்தான் ஓரளவு ஓடும். எங்களிடம் 4 இருந்தது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினேன். "வருகிறது" என்ற பதில்தான் வந்தது. 1997இல் வெள்ளி சரிய ஆரம்பித்தது, வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் எல்லாம் விலை ஏறியது. மறு வருடம் செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டிவைத்த பிறகும் எங்கள் கடிதம் அசையவில்லை. 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல் என்று பேச்சு வந்தபோதுதான், 1999 கடைசியில், புதுக் கணினியே வந்து இறங்கியது.

சம்பள நாளுக்கு முந்தின இரவுகளை மறக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும். ரேம் போதாமல் டிஸ்கையே ரேம் போலப் பயன்படுத்துவதால் வரும் சத்தம் அது என்று பிற்பாடு தெரிந்தது. காலையில் சம்பளச் சீட்டு கையில் இல்லையென்றால் ஆபீஸ் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கடைக் கடன் அடைக்க வேண்டியவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையால் கூட்டி எழுதிக் கொடுத்த மாதங்கள் உண்டு. அந்தச் சின்னம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வாசல்தான் கண்ணில் நின்றது.

பாகான் செராயிலிருந்து

என் மகன் கட்டட வரைபடம் படிக்கிறான். 2021இல் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். எங்கும் சரக்கு இல்லை, இருந்தாலும் எங்களால் தொட முடியாத விலை. அந்தக் கார்டுகளை வைத்து மின்னணு நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான், எனக்குப் புரியவில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடைக் கடை போட்டு நானும் சேர்த்தேன். 2022 செப்டம்பர் 15இல் எத்தேரியம் என்ற மின்னணு நாணயம் தோண்டும் முறையையே நிறுத்தியது, பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அப்போது வாங்கினோம். இரண்டு பருவம் பிள்ளை நண்பன் வீட்டுக்குப் போய் வரைந்தான், இரவு பத்து மணிக்கு மோட்டாரில் வருவான். அந்தச் சத்தம் கேட்கும் வரை நான் படுக்க மாட்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து இன்னொருவர்

அண்ணே, நானும் இங்கேதான், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். என்னிடமும் அதே காலத்துக் கணினி. ஒரு ரேம் வாங்கிவந்தேன், துளையில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அழுத்தப் பயமாக இருக்கிறது. விண்டோஸ் 11 போட முடியுமா?

முதலில் எழுதியவர்

தம்பி, அழுத்தாதீர்கள். நீங்கள் வாங்கியது டிடிஆர்4ஆக இருக்கும். டிடிஆர்3இல் 240 முனை, டிடிஆர்4இல் 288, நடுவில் உள்ள வெட்டும் வேறு இடம். கடையில் சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். 2025 கடைசியிலிருந்து புது ரேம் விலை ஏறிவிட்டது, பெரிய நிறுவனங்களின் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே நிறைய சிப்பு போகிறது. அதனால் கழற்றிய பழைய டிடிஆர்3 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், நம்முடையது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், தமிழ் நன்றாகவே தெரிகிறது.

கிராணி ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வாசலில் தானும் நின்றிருக்கிறேன் என்றார்.

தம்பி, ஞாயிறு காலை கோவில் பூசை முடிந்து கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அக்கா மகனும் இருப்பான். திறந்து பார்த்துவிடுவோம்.